சொல் தேடிய மாமுனிவர்

ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்றால் நாம் உடனே அகராதியைப் புரட்டுகிறோம். அகர வரிசையில் தேடினால் சொல் கிடைத்துவிடுகிறது. இது மிக எளிய செயலாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வசதி நம் முன்னோருக்கு வாய்க்கவில்லை. சொற்பொருள் அறிய விரும்பியவர்கள் நிகண்டுகளைச் செய்யுள் செய்யுளாக மனப்பாடம் செய்தனர். நினைவாற்றலும் நல்லாசிரியரும் வாய்க்காதவர்களுக்குச் சொற்களஞ்சியத்தின் கதவு மூடியே இருந்தது. அக்கதவை அனைவருக்கும் அகலத் திறந்து வைத்தவர், தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் என்பது வியப்புக்குரியது. அவரே வீரமாமுனிவர்.

இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கான்ஸ்டண்டைன் ஜோசப் பெஸ்கி. 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து குருவானார். 1710-இல் கோவா வந்து சேர்ந்து, அடுத்த ஆண்டு தமிழகத்தில் அடியெடுத்து வைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. குழந்தைக்கு இருக்கும் மழலையின் உரிமை முப்பது வயதினருக்கு இல்லை. ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் ஊரே சிரிக்கும். ஆயினும் அவர் அஞ்சி ஒதுங்கவில்லை. சுப்பிரதீபக் கவிராயரிடம் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்டார். ஊர் ஊராகச் சென்று மக்கள் பேசும் பேச்சையும் செவிமடுத்தார். புலவரின் தமிழ், பாமரரின் தமிழ் இரண்டுமே அவருக்குப் பாடமாயின. செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், பேச்சுத் தமிழுக்கு ஓர் இலக்கணம் என இரண்டையும் இலத்தீன் மொழியில் எழுதினார் என்பதே இதற்குச் சான்று. தைரியநாதர் என்று முதலில் வழங்கிய அவருடைய பெயரும் பின்னர் வீரமாமுனிவர் என நல்ல தமிழாயிற்று.

புனித சூசையப்பரின் வரலாற்றை 3,615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காப்பியமாகப் பாடிய அப்பெரியார், 1732-இல் சதுரகராதியை இயற்றினார். சதுர் என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள் கொண்டதால் இப்பெயர் அமைந்தது. ஒரு சொல்லுக்கு உரிய பல பொருள்களைத் தருவது பெயரகராதி. மா என்பது மாமரத்தையும் குறிக்கும், விலங்கையும் குறிக்கும். ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களைத் தருவது பொருளகராதி. கடலுக்கு ஆழி, பரவை, முந்நீர் எனப் பல பெயர்கள் உண்டல்லவா? முக்கனி, ஐம்புலன் போன்று தொகையாக வழங்குபவற்றை விளக்குவது தொகையகராதி. எதுகைக்கு ஏற்ற சொற்களைக் காட்டுவது தொடையகராதி. பொருள் விளக்கம் செய்யுளில் இல்லாமல் தெளிவாகத் தரப்பட்டிருப்பதால் எவரும் தாமே தேடிப் பயன் பெறலாம். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டை எழுத்தில் தெளிவாகக் காட்டும் சீர்திருத்தமும் அவர் செய்ததே. இன்று நாம் கொடியையும் கோடியையும் குழப்பமின்றிப் படிப்பது அதனால்தான்.

பேச்சுத் தமிழைக் கற்போருக்காக அவர் எழுதியது பரமார்த்த குருவின் கதை. அதைப் படித்துச் சிரிக்காதவர் யார்? அக்குருவின் சீடர் ஐவரின் பெயர்களைக் கவனித்தீர்களா? மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன்! அறிவிலியைக் குறிக்க ஐந்து சொற்கள்! அவற்றுள் மிலேச்சன் என்பது அந்நிய நாட்டாரையும் குறிக்கும் சொல். அந்நியராய் வந்தவரே அதையும் சேர்த்துக்கொண்டார் என்றால் அவருடைய நகைச்சுவையை என்னென்பது! சொல் சேர்ப்பது அவருக்குச் சுமையாக இல்லை. விளையாட்டாகவும் இன்பமாகவும் இருந்தது.

இனி நம் பேச்சைச் சற்று எண்ணிப் பார்ப்போம். உணவும் சூப்பர், உடையும் சூப்பர், பாட்டும் சூப்பர் என்கிறோம். உணவுக்குச் சுவையும், உடைக்கு எழிலும், பாட்டுக்கு இனிமையும் இருக்க, ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதுமா? இதனால் நட்டமில்லை என்று சிலர் எண்ணலாம். டென்ஷன் என்று மட்டும் சொல்லி மகள் அறைக்குள் சென்றுவிட்டால், அது தேர்வு அச்சமா, தோழியிடம் மனத்தாங்கலா, வீட்டுக் கவலையா, வெறும் சலிப்பா என்று தாய் எப்படி அறிவாள்? மனத்தில் உள்ளதைச் சொல்லச் சொல் இல்லாத பெண், கூட்டத்தின் நடுவிலும் தனியளே.

சொற்களைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சமையலறையில் தாளித்தல், வதக்குதல், வறுத்தல், பொரித்தல் என ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சொல் உண்டு. மாமரத்தில் வடு, காய், செங்காய், கனி என ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சொல் உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகள் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெறுமுன் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்தவை. மதகு, கலங்கல், மடை, வரப்பு ஆகிய சொற்களை இங்குள்ள பாட்டிமாரிடம் கேளுங்கள். இன்று கேளாவிட்டால் நாளை சொல்லுவார் யார்? பெற்றோரும் தம் ஊர் வழக்குகளைப் பிள்ளைகளிடம் கூச்சமின்றிப் பேசினால் வீடே ஓர் அகராதியாகும்.

1747-இல் அம்பலக்காட்டில் முனிவர் இறைவனடி சேர்ந்தார். தமிழ் அகராதியின் தந்தை எனப் போற்றப்படும் அவர் பிறந்த நாளைத் தமிழ்நாடு அரசு தமிழ் அகராதியியல் நாளாகக் கொண்டாடுகிறது. 1968-இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலையும் எழுப்பப்பட்டது. கடற்கரைக்குச் செல்லும்போது அச்சிலையின் முன் சற்று நில்லுங்கள். அதனினும் மேலான வணக்கம் ஒன்று உண்டு. நாளுக்கு ஒரு புதுச்சொல்லைக் கேட்டறிந்து, அன்றே பேச்சில் ஒரு முறையேனும் வழங்குவோம். ஓராண்டில் 365 சொற்கள் நம்முடையவையாகும். முப்பது வயதில் தொடங்கியவர் அத்தனை சேர்த்தார் என்றால், பள்ளிப் பருவத்திலேயே தொடங்கும் நம்மால் இயலாதது உண்டோ?