குடியைவிடக் கடினமாக இருந்த புகையிலை



வணக்கத்துக்குரிய மேட் டால்பட் என்ற பெயரை மறையுரைகளிலும் தியானங்களிலும் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். அயர்லாந்தின் டப்ளின் நகரில் குடிகாரராக வாழ்ந்து மனந்திரும்பிய கூலித்தொழிலாளி அவர். குடியை விட்ட கதையை எல்லாரும் சொல்கிறோம். அவர் புகையிலையை விட்டதையோ ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகிறோம். ஆனால் குடியை விட்டதைவிடப் புகையிலையை விட்டதே தனக்கு அதிக வேதனை தந்தது என்று அவர் தம் நெருங்கியவர்களிடம் சொன்னதாக அவரது வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. சிகரெட்டை விடமுடியாமல், மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் பங்கு இல்லத்துக்கு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

மேட் 1856 மே 2 அன்று டப்ளினில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் இரண்டாவது பிள்ளை. பள்ளிக்குப் போனது மிகக் குறைந்த காலமே. 12 வயதில் மதுவைப் புட்டிகளில் அடைத்து விற்கும் ஒரு வணிகரிடம் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். குடிக்கப் பழகியதும் அங்கேதான். 16 வயதுக்குள் குடி அவரை முழுமையாகப் பிடித்துக்கொண்டது. பிறகு துறைமுகத்திலும் கொத்தனார்களுக்குச் சிற்றாளாகவும் உழைத்தார். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சனிக்கிழமை வாங்கும் கூலி அப்படியே மதுக்கடைக்குப் போனது. கையில் காசில்லாதபோது காலணிகளை விற்றும் குடித்தார். ஒருமுறை தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் பிடிலை நண்பர்களோடு சேர்ந்து திருடி விற்றுக் குடித்தார். பின்னாளில் அந்த மனிதரைத் தேடி நகரெங்கும் அலைந்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கப் பணம் கொடுத்தார்.

1884இல் ஒரு சனிக்கிழமை. அந்த வாரம் முழுவதும் மேட் வேலைக்குப் போகவில்லை, கையில் காசில்லை. எத்தனையோ முறை தாம் வாங்கிக் கொடுத்த நண்பர்கள் கூலியோடு வரும் வழியில், மதுக்கடை ஓரத்தில் நின்றார். ஒருவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. அவமானத்தோடு வீட்டுக்குத் திரும்பி, மதுவிலக்கு உறுதிமொழி எடுக்கப்போவதாகத் தாயிடம் சொன்னார். காப்பாற்ற முடிந்தால் மட்டும் எடு என்பதே அந்தத் தாயின் பதில். பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்த தாய் வேறென்ன சொல்வார்! மேட் கிளான்லிஃப் திருச்சிலுவைக் குருத்துவக் கல்லூரிக்குப் போய் ஒப்புரவு அருளடையாளம் பெற்று, மூன்று மாதங்களுக்கு மட்டும் உறுதிமொழி எடுத்தார். அப்போது அவருக்கு வயது 28. மூன்று மாதம் முடிந்ததும் அதை நீட்டித்தார், பின்னர் வாழ்நாளுக்கும் என்று ஆக்கிக்கொண்டார்.

அந்த முதல் மாதங்கள் நரகமாக இருந்தன. வேலை முடிந்ததும் நண்பர்கள் மதுக்கடைக்குப் போகும் நேரத்தில் அவர் தொலைவில் உள்ள ஆலயங்களைத் தேடி நடந்தார். ஒருநாள் கால்கள் தாமாகவே ஒரு மதுக்கடைக்குள் போயின. கடைக்காரர் வேறு ஒருவரோடு பேசிக்கொண்டு இவரைக் கவனிக்கவில்லை. கோபத்தோடு வெளியேறிய மேட் நேராக ஆலயத்துக்குப் போனார். அன்றுமுதல் சட்டைப்பையில் காசு வைத்துக்கொள்வதில்லை என்று முடிவுசெய்தார். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தம் மனவுறுதியை நம்பாமல், விழுவதற்கான வழியையே அடைத்துவிட்டார்.

உடலின் ஏக்கத்தைவிடக் கொடியது உள்ளத்தில் எழுந்த நம்பிக்கையின்மை. ஒரு ஞாயிறு காலை, நற்கருணை வாங்கப் போனபோது, எப்படியும் மீண்டும் குடியில் விழத்தான் போகிறாய் என்ற எண்ணம் அவரை அழுத்தியது. ஏதோ ஒன்று தம்மைப் பின்னுக்குத் தள்ளுவதுபோல் உணர்ந்து வெளியே வந்துவிட்டார். வேறு ஆலயத்துக்குப் போனார். அங்கும் அதே நிலை. இறுதியில் ஆலயப் படிகளில் முகங்குப்புற விழுந்து, கைகளை விரித்து மன்றாடினார். திருப்பலிக்கு வந்தவர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். பிறகு அந்தப் பாரம் இறங்கியது, உள்ளே சென்று நற்கருணை பெற்றார். இதற்கு இன்றைய மருத்துவப் பெயர் எதையும் சூட்டுவது நியாயமாகாது. ஆனால் மனப்பதற்றம் உள்ள ஒருவருக்கு அந்தப் படிகள் நன்றாகவே தெரியும்.

இத்தனைக்கும் பிறகுதான் புகையிலை. சுங்கானில் புகைப்பது மேட்டின் பழைய வழக்கம். கடும் உழைப்பாளிக்குக் குடியும் போனபின் எஞ்சியிருந்த ஒரே ஆறுதல் அது. ஒருநாள் உடன் வேலைசெய்தவர் கொஞ்சம் புகையிலை கேட்டார். மேட் அப்போதுதான் புதிய சுங்கானும் புகையிலையும் வாங்கி வைத்திருந்தார். இரண்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டார். அதன்பின் புகைக்கவே இல்லை. கேட்க எளிதாகத் தெரிகிறது, அவருக்கு அது எளிதாக இருக்கவில்லை.

ஏன் என்பதை மருத்துவம் இன்று விளக்குகிறது. உள்ளே இழுத்த புகையின் நிக்கோட்டின் சில வினாடிகளில் மூளையை எட்டுகிறது. இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைகிறது. அப்போது எரிச்சலும் பதற்றமும் தூக்கமின்மையும் தலைகாட்டுகின்றன. அடுத்த சிகரெட் அதைத் தணிக்கிறது. உடனே, என் பதற்றத்துக்கு மருந்து இதுதான் என்று மனம் நம்பிவிடுகிறது. அந்தப் பதற்றத்தில் பெரும்பகுதியை உண்டாக்கியதே முந்தைய சிகரெட் என்பது தெரிவதில்லை. விட்ட முதல் வாரம் மிகக் கடினம், பிறகு சில வாரங்களில் மெல்லத் தணியும். அதைத் தாண்டியவர்களில் பலருக்கு முன்பிருந்ததைவிட மனம் இலேசாகிறது என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஏற்கெனவே மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டே விடவேண்டும், ஏனெனில் புகைப்பதை நிறுத்தும்போது சில மருந்துகளின் அளவை மாற்றவேண்டியிருக்கும். நிக்கோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை போன்றவையும் உண்டு. அவற்றைப் பயன்படுத்துவது விசுவாசக் குறைவு என்று நினைக்கவேண்டாம். டால்பட்டுக்கு இந்த வசதி எதுவும் இல்லை.

அவரது பிற்கால வாழ்வு நமக்குத் தெரிந்ததே. விடியற்காலைத் திருப்பலி, மரக்கிடங்கில் வேலை, மாலையில் செபம், பலகையில் உறக்கம். ஆலயத்தின் முதல் திருப்பலி நேரம் தள்ளிப்போனபோது, அதில் பங்கேற்பதற்காகத் தாமதமாகத் தொடங்கும் வேலைக்கே மாறிக்கொண்டார். எழுத்து சரியாகத் தெரியாதவர், தட்டுத்தடுமாறி ஆன்மீக நூல்களைப் படித்தார். பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையில் சேர்ந்தார். உடலில் சங்கிலி அணிந்திருந்தார். இதை மட்டும் யாரும், குறிப்பாக உள்ளம் நொந்திருப்பவர்கள், பின்பற்றவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு அதற்கென ஆன்ம வழிகாட்டி இருந்தார். நமக்கு அவரிடம் கற்க வேறு நிறைய இருக்கிறது.

1925 ஜூன் 7, மூவொரு கடவுள் பெருவிழா ஞாயிறு. திருப்பலிக்குப் போகும் வழியில் கிரான்பி சந்தில் மேட் சரிந்து விழுந்து இறந்தார். தெருவில் கூடியவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. மருத்துவமனையில்தான் சங்கிலிகளைக் கண்டார்கள். 1975இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவரது உடல் கிளாஸ்னெவின் கல்லறையிலிருந்து டப்ளின் ஷான் மெக்டர்மட் தெருவிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டிருந்தது. கல்லறையின் கண்ணாடி வழியே பெட்டியைப் பார்க்கலாம். குடியையோ புகையையோ விடப் போராடுகிறவர்களும், அவர்களுடைய தாய்மார்களும் மனைவியரும் அங்கே வந்து முழந்தாளிடுகிறார்கள்.