இராஜேந்திர பிரசாத்

இராஜேந்திர பிரசாத் (டிசம்பர் 3, 1884 – பெப்ரவரி 28, 1963) இந்தியாவின் முதலாவது குடியரசுத் தலைவர் ஆவார். 1950 முதல் 1962 வரை அப்பதவியை வகித்தார்.

வாழ்க்கை

இன்றைய பீகார் மாநிலத்தின் ஜிராதேய் என்னும் சிற்றூரில் பிறந்தார். கல்கத்தாவில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1917 இல் சம்பாரண் போராட்டத்தில் காந்தியுடன் இணைந்தார். 1946 இல் அரசியலமைப்பு நிர்ணய மன்றத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அதிகாரங்கள் குறித்த சர்ச்சை

அரசியலமைப்பின் 53 ஆம் உறுப்பு நடுவண் அரசின் நிறைவேற்று அதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைக்கிறது. அவருக்கு உதவவும் அறிவுரை கூறவும் அமைச்சரவை இருக்கும் என்கிறது 74 ஆம் உறுப்பு. அவ்வறிவுரையை அவர் ஏற்றே ஆக வேண்டும் என்று தொடக்கத்தில் அதில் எழுதப்பட்டிருக்கவில்லை.

இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை எதிர்த்த பிரசாத், அதன் மீது சுயமாக முடிவெடுக்க விரும்புவதாக 1951 இல் பிரதமர் நேருவுக்கு எழுதினார். அமைச்சரவையின் அறிவுரை அவரைக் கட்டுப்படுத்தும் எனத் தலைமை வழக்குரைஞர் செதல்வாட், சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் ஆகியோர் கருத்துரைத்தனர். பிரசாத் மோதலைத் தவிர்த்தார். 1955 இல் இந்து திருமணச் சட்டம் அவரது ஒப்புதலுடனேயே நடைமுறைக்கு வந்தது. எனினும் அவரது ஐயம் நீங்கவில்லை. குடியரசுத் தலைவரின் அதிகாரங்கள் பிரித்தானிய மன்னரின் அதிகாரங்களை எந்த அளவுக்கு ஒத்தவை என ஆராயுமாறு 1960 இல் இந்தியச் சட்டக் கழக விழாவில் கேட்டுக்கொண்டார்.

மறைவும் பின்னரும்

1962 இல் பாரத ரத்னா விருது பெற்றார். மறு ஆண்டு பாட்னாவில் காலமானார். 1976 இல் 42 ஆம் திருத்தம், குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயற்பட வேண்டும் என வெளிப்படையாக விதித்தது. அறிவுரையை மறுபரிசீலனைக்கு ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையை 1978 இன் 44 ஆம் திருத்தம் வழங்கியது.