சக்கர நாற்காலியில் ஒரு டாக்டர்

நெல்லைச் சீமையில் பனை ஏறிப் பிழைத்த குடும்பங்கள் அநேகம். ஒரு முறை கால் நழுவினால் போதும், முதுகெலும்பு முறிந்துவிடும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புவார்கள். அப்புறம்?

அப்புறம் கட்டில்தான். அசையாமல் கிடப்பதால் முதுகில் புண் வரும். சிறுநீர்ப் பையில் சீழ் பிடிக்கும். மரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர், வீட்டில் படுத்தே இறந்துபோவார். ஒரு காலத்தில் நாடு முழுவதும் இதுதான் கதை.

இந்தக் கதையை மாற்றப் பாடுபட்டவர் ஒரு பெண். அவருக்கே இரண்டு கால்களும் அசையாது! அவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ்.

ஒரே நொடியில்

மேரி 1925-ல் கொச்சிப் பகுதியில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து டாக்டரானார். பெண்களுக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

1954 ஜனவரியில் சக டாக்டர்களுடன் வேனில் உல்லாசப் பயணம் போனார். வேன் விபத்துக்குள்ளானது. மேரியின் முகத்தில் பலத்த காயம். முதுகுத் தண்டு அடிபட்டுக் கால்கள் செயலிழந்தன. அப்போது அவருக்கு வயது 28.

உட்கார்ந்தபடி ஆபரேஷன்

இனி வாழ்ந்து என்ன பயன் என்று மேரி கலங்கினார். அப்போது வழி காட்டியவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தியவர் அவர். கையில் செய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம். கால் போனாலும் மேரிக்குக் கை இருக்கிறதே!

மேரி அந்த வித்தையைக் கற்றார். சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆபரேஷன் செய்தார். தம்மைப் போல் முடங்கியவர்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணமும் அவருக்குப் பிறந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் சிகிச்சை பெற்றார். பிறகு நியூயார்க் சென்று, டாக்டர் ஹோவர்ட் ரஸ்க் நடத்திய நிலையத்தில் மறுவாழ்வு வைத்தியம் பயின்றார்.

பாதி வைத்தியம் போதாது

வேலூர் திரும்பிய மேரி, 1963-ல் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகளை அங்கேயே தங்கவைத்துப் பயிற்சி தரும் நிலையம் அது.

என்ன பயிற்சி? புண் வராமல் அடிக்கடி புரண்டு படுப்பது. கைகளுக்கு வலுவேற்றுவது. கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவது. உட்கார்ந்தே செய்யக்கூடிய தொழிலைக் கற்பது. வீட்டாருக்கும் இவை தெரிந்திருக்க வேண்டும்.

மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கும் இதே நியாயம்தான். எவ்வளவு நடக்கலாம், எதைச் சாப்பிடலாம், எப்போது வேலைக்குப் போகலாம் என்று பக்கத்தில் இருந்து சொல்ல ஆள் வேண்டும். உயிரைக் காப்பது பாதி வைத்தியம். வாழக் கற்றுக்கொடுப்பது மறு பாதி.

1972-ல் மேரிக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் அவர் காலமானார்.

பொருநைக் கரையில்

ஆனால், நெல்லையிலிருந்து வேலூர் 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அசைய முடியாதவரைத் தூக்கிக்கொண்டு ஏழைக் குடும்பம் அவ்வளவு தூரம் எப்படிப் போகும்?

இந்தக் கேள்விக்கு விடை, தாமிரபரணியில் கலக்கும் சிற்றாற்று வட்டாரத்திலேயே பிறந்தது. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியைச் சேர்ந்தவர் ராமகிருஷ்ணன். 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் ஊழியர்கள் கிராமங்களுக்கே போய்ப் பயிற்சி தருகிறார்கள்.

வேலூரில் ஒருவர், ஆய்க்குடியில் ஒருவர். இருவருமே எழுந்து நடக்க முடியாதவர்கள். விழுந்தவருக்கு என்ன தேவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலோடு வைத்தியம் முடிந்துவிடக் கூடாது. அது நோயாளியின் வீட்டுத் திண்ணை வரை வர வேண்டும்.