வங்கச் சிறுவர்களின் சுகுமார் ராய்

மெய்ப்பாடுகளை எண்ணப் புகுந்த தொல்காப்பியர் நகையை முதலிற் கூறி, அதனை அடுத்தே அழுகையை வைத்தார். அவ்விரண்டும் அண்டை வீட்டார் என்பதற்குச் சான்று வேண்டுவோர் சுகுமார் ராயின் வரலாற்றை அறிதல் நன்று. திரைப்பட மேதை சத்யஜித் ராயின் தந்தையார் என்றே நம்மவர் பலர் அவரை அறிவர். வங்கத்திலோ அவர் பாட்டைக் கேளாது வளர்ந்த பிள்ளை அரிது.

அவர் 1887 அக்டோபர் 30இல் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் உபேந்திரகிஷோர் சிறுவர்க்குக் கதை எழுதியவர், ஓவியர், அச்சுக்கலை ஆராய்ச்சியிற் பெயர் பெற்றவர். சுகுமார் பிரசிடென்சிக் கல்லூரியிற் பௌதிகமும் இரசாயனமும் கற்று, 1911இல் இங்கிலாந்து சென்று, இலண்டனிலும் மான்செஸ்டரிலும் ஒளிப்படக்கலையும் அச்சுத்தொழிலும் பயின்று 1913இல் மீண்டார். தந்தையார் அவ்வாண்டு தொடங்கிய சிறுவர் திங்களிதழின் பெயர் ‘சந்தேஷ்’. அச்சொல் செய்தியையும் குறிக்கும். வங்காளத்து இனிப்புப் பண்டத்தையும் குறிக்கும். 1915இல் தந்தையார் மறைய, இதழ் சுகுமாரின் பொறுப்பாயிற்று.

பாட்டும் அவரே, படமும் அவரே. வாத்தும் முள்ளம்பன்றியும் ஓருடலான விலங்கு, மீசை களவு போயிற்றென்று அலறும் அலுவலகத் தலைமை எழுத்தர், வழுக்கி விழுந்தவனைப் பிடித்துத் தண்டம் விதிக்கும் நாடு என வரிசையாக வரும். அந்நியராட்சியில் வாழ்ந்தோர் அந்த நாட்டை எளிதில் இனங்கண்டிருப்பர். ஆயினும் என் நெஞ்சை விட்டகலாதது ராம்கருடன் குஞ்சே. அதற்குச் சிரிப்பு விலக்கப்பட்டது. தென்றல் கிச்சுகிச்சு மூட்டிவிடுமோ என அஞ்சி மரத்தருகும் போகாது. படத்தில் அதன் கடுத்த முகத்தைக் கண்டு பிள்ளை நகைக்கும். அதே படத்தை முதியோர் நோக்கின், கடுப்பன்று, அச்சமே அம்முகத்தில் உறைதல் தெரியும். படத்தை விடுத்துப் பாட்டை மட்டும் மொழிபெயர்ப்போர் பாதியையே தருகின்றனர் என்பது என் கருத்து.

1921 மே 2இல் மகன் பிறந்தான். அவ்வாண்டிலேயே காலா ஆசார் என்னும் கொடிய காய்ச்சல் சுகுமாரைப் பற்றியது. அதற்குரிய யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை அதே கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி ஆக்கிக்கொண்டிருந்த காலம் அது. அம்மருந்து எங்கும் வழங்கத் தொடங்குமுன் காலம் கடந்துவிட்டது. இரண்டரை ஆண்டு படுக்கையிற் கிடந்தும் அவர் எழுதுகோலையும் தூரிகையையும் விட்டிலர். ‘ஆபோல் தாபோல்’ என்னும் பாட்டு நூலின் பக்கங்களை அங்கிருந்தே அமைத்தார். பொருளற்ற பிதற்றல் என்பது அப்பெயரின் பொருள். மனம்போன விளையாட்டின் சுவையை நுகர இயலாதார்க்கு இந்நூல் உரியதன்று என முன்னுரையில் எச்சரித்தார். நூலின் இறுதிப் பாட்டும் வேடிக்கையாகவே தொடங்கும். பின்னர் இருள் சூழ்தலும், உறக்கம் வருதலும், பாட்டு ஓய்தலும் மெல்லப் புகும். பிள்ளைக்கு அது தாலாட்டு. எழுதியவர் எதனைக் கூறினார் என்பதை ஆண்டு பல கழித்து மீண்டும் படிப்பவரே உணர்வர்.

நோய் முற்றிய நாளில் இரவீந்திரநாத தாகூர் வந்து படுக்கையருகே அமர்ந்து பாடினார். 1923 செப்டம்பர் 10இல் சுகுமார் மறைந்தார். வயது முப்பத்தைந்து. நூல் வெளிவந்தது செப்டம்பர் 19இல்.

மகனுக்கு அப்போது வயது இரண்டரை ஆகவில்லை. தந்தையைப் பற்றி அவர் நினைவில் நின்றவை மிகச் சில. அவற்றுள் ஒன்று கங்கைக் கரை வீடொன்றில் நிகழ்ந்தது. கப்பலைக் காண ஓடுதல் திருகோணமலைத் துறைமுகத்தருகே வளரும் நம் பிள்ளைகளுக்கும் புதிதன்று. அன்று நோயுற்ற தந்தை சாளரத்தருகே இருந்து படம் வரைந்துகொண்டிருந்தார். திடீரெனக் கப்பல் போகிறதென்று மகனுக்கு உரைத்தார். பிள்ளை முற்றத்துக்கு ஓடிற்று. நீராவிக் கப்பலொன்று ஊதிக்கொண்டே ஆற்றில் அகன்றுகொண்டிருந்தது.