போர்ட்டிக்சனில் பள்ளி தொடங்கிய தளபதி

ரவாங் பக்கம் போனால் டெம்பளர் பூங்காவின் ஆற்றில் குளிக்காமல் திரும்புபவர்கள் குறைவு. ஆனால் அந்த டெம்பளர் யார் என்று கேட்டால் நம்மில் பலர் யோசிப்போம். வரலாற்றுப் பாடம் எடுத்தவர்களுக்கு அவர் அவசரகாலத்தில் மலாயாவை ஆண்ட பிரிட்டிஷ் தளபதி. அவர் இந்த நாட்டுக்கு விட்டுச் சென்றவற்றுள் ஆண் பிள்ளைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளியும் உண்டு. இன்று அரச இராணுவக் கல்லூரி என்று நாம் அறியும் அந்தப் பள்ளி, நெகிரி செம்பிலானில், ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த போர்ட்டிக்சன் கடற்கரையில்தான் தொடங்கியது.

ஜெரால்டு டெம்பளர் 1898 செப்டம்பர் 11ஆம் தேதி இங்கிலாந்தின் கோல்செஸ்டர் நகரில் பிறந்தார். குடும்பம் அயர்லாந்தைச் சேர்ந்தது. அப்பா இராணுவ அதிகாரி. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அதிகாரிகளின் பிள்ளைகள் அதிகம் படித்த வெல்லிங்டன் கல்லூரி என்ற விடுதிப் பள்ளியில் அவரைச் சேர்த்தார்கள். அங்கே அவர் மகிழ்ச்சியாக இருக்கவில்லை. உடல் மெலிந்த பையன். மூத்த மாணவர்களின் கொடுமையையும் அனுபவித்தார். பிற்காலத்தில் பெரிய தளபதியான பிறகும் அந்தப் பள்ளியை அவர் அன்போடு நினைத்ததில்லை.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் போர்க்காலத்துக்காகச் சுருக்கப்பட்ட பயிற்சியை முடித்து, 1916இல் 18 வயதுகூட நிறையாத நிலையில் அதிகாரியானார். அடுத்த ஆண்டு பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். இன்று நாம் எஸ்.பி.எம். எழுதி முடித்து அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசிக்கும் வயது அது.

விளையாட்டுத் திடலில்

போர் முடிந்ததும் அவருடைய இன்னொரு திறமை வெளிப்பட்டது. பள்ளியில் மெலிந்து கிடந்தவர் இராணுவத்தில் நல்ல ஓட்டக்காரர் ஆனார். தடை தாண்டும் ஓட்டத்தில் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கின் பிரிட்டிஷ் அணிக்கு மாற்று வீரராகத் தேர்வு பெற்றார். துப்பாக்கி முனைக் கத்திச் சண்டைப் போட்டியில் இராணுவ அளவில் வாகை சூடினார். சமாதானக் காலத்து இராணுவத்தில் பதவி உயர்வு ஆமை வேகத்தில்தான் வரும். அந்த ஆண்டுகளில் போட்டிகளே அவருக்கு ஊக்கம் தந்தன.

இரண்டாம் உலகப் போர் அவரை வேகமாக மேலே கொண்டுவந்தது. 1942இல் 44 வயதில் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார். பிரிட்டிஷ் இராணுவத்தில் அந்தப் பதவியில் அப்போது அவரே மிக இளையவர். ஆனால் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. போர்முனைக்குப் போக வேண்டும் என்பதற்காக ஒரு படி இறங்கி மேஜர் ஜெனரலாக இத்தாலிக்குச் சென்றார். ஆன்சியோவில் கடும் போரை நடத்தினார். 1944இல் கண்ணிவெடியால் ஏற்பட்ட விபத்தில் முதுகில் படுகாயம் அடைந்தார்.

மலாயாவில் இரண்டு ஆண்டு

1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1951 அக்டோபர் 6ஆம் தேதி உயர் ஆணையர் ஹென்றி கர்னி, பிரேசர் மலைக்குப் போகும் வழியில் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த இடத்துக்குப் பிரதமர் சர்ச்சில் தேர்ந்தெடுத்தவர் டெம்பளர். 1952 பிப்ரவரியில் அவர் கோலாலம்பூர் வந்து இறங்கியபோது வயது 53. நாட்டு நிர்வாகம், இராணுவ நடவடிக்கை இரண்டும் ஒரே கையில் கொடுக்கப்பட்டன.

அவர் எவ்வளவு கடுமையானவர் என்பதை அடுத்த மாதமே நாடு பார்த்தது. தஞ்சோங் மாலிம் அருகே உடைக்கப்பட்ட தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போனவர்களும் அவர்களுக்குக் காவலாகச் சென்றவர்களுமாக 12 பேர் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தார்கள். டெம்பளர் நேரில் போனார். ஊர் முழுவதற்கும் தண்டனை விதித்தார். ஒரு நாளில் 22 மணி நேரம் வெளியே வரக்கூடாது. அரிசிப் பங்கீடு ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கப்பட்டது. தவறு செய்தவரும் செய்யாதவரும் ஒன்றாகப் பட்டினி கிடந்த அந்தத் தண்டனை ஏறத்தாழ இரண்டு வாரம் நீடித்தது. பிரிட்டனிலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது.

தோட்டத் தமிழர்களும் அந்தக் கெடுபிடிக்குத் தப்பவில்லை. பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போடப்பட்டது. அடையாள அட்டை இல்லாமல் நடமாட முடியாது. உணவுப் பொருள் காட்டுக்குப் போய்விடக்கூடாது என்று வாயிலில் சோதனை நடந்தது. லிங்கி, சிலியாவ் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால், தங்கள் பெற்றோர் சொன்ன கதையாக இதையெல்லாம் இன்றும் சொல்லக்கூடும்.

ஒரே விடுதி, ஒரே அணிவகுப்பு

இதே மனிதர்தான் அந்த 1952லேயே வேறொன்றையும் செய்தார். சுதந்திரம் பெறப்போகும் நாட்டுக்குச் சொந்த அதிகாரிகள் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதுவரை இங்கிருந்த மலாய் ரெஜிமெண்ட்டில் மலாய்க்காரர்கள் மட்டுமே சேர முடியும். 1933இல் தொடங்கிய அந்தப் படையின் பயிற்சிக் களம் போர்ட்டிக்சன். டெம்பளர் காலத்தில் எல்லா இனத்தவரும் சேரக்கூடிய கூட்டரசு ரெஜிமெண்ட் உருவானது. அதே போர்ட்டிக்சனில் சிறுவர் படைப்பிரிவு ஒன்று தொடங்கப்பட்டு, பின்னர் அது கூட்டரசு இராணுவக் கல்லூரியாக வளர்ந்தது.

அந்தப் பள்ளியின் ஏற்பாடு எளிமையானது. காலையில் உடற்பயிற்சியும் அணிவகுப்பும்; பிறகு மற்றப் பள்ளிகளைப் போலவே வகுப்பு; மாலையில் விளையாட்டு. மற்றப் பள்ளிகளில் இல்லங்கள் என்று பிரிப்பதை இங்கே இராணுவ முறைப்படி கம்பெனிகள் என்று பிரித்தார்கள். போட்டியெல்லாம் கம்பெனிக்கும் கம்பெனிக்கும் இடையில்தான். உங்கள் அணியில் ஓடுபவர் எந்த இனம், எந்த மதம் என்பதைவிட, கடைசிச் சுற்றில் அவருக்கு மூச்சு இருக்கிறதா என்பதே முக்கியம். சேவை செய்தே தலைமை ஏற்க வேண்டும் என்ற பொருள்கொண்ட சாண்ட்ஹர்ஸ்ட்டின் முழக்கமே இந்தப் பள்ளிக்கும் முழக்கமானது. இராணுவத்துக்கு மட்டுமன்றி, அரசுப் பணிக்கும் மற்றத் தொழில்களுக்கும் ஆட்களை உருவாக்குவதும் அதன் நோக்கமாக இருந்தது.

இனங்கள் ஒன்றாக அமர வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாகவே இருந்தார். கோலாலம்பூரில் வெள்ளைக்காரர்கள் மட்டும் கூடிய லேக் கிளப், சிலாங்கூர் சுல்தானையே விருந்தினராக ஏற்க மறுத்தபோது டெம்பளர் கடும் கோபம் கொண்டார். அவர் கொடுத்த நெருக்குதலில் அந்தக் கதவு ஆசியர்களுக்குத் திறந்தது.

ஆனால் அந்தக் காலத்துத் தோட்டத்துப் பையன் ஒருவனின் நிலையிலிருந்து இதைப் பார்க்க வேண்டும். போர்ட்டிக்சன் பள்ளிக்குப் போக ஆங்கிலம் வேண்டும். அவன் படித்ததோ தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. ஆறாம் வகுப்போடு அது முடிந்துவிடும். பிறகு கையில் உளியும் வாளியும்தான். சுவா பெத்தோங் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகனுக்கு அந்தப் பள்ளி சில மைல் தூரத்தில் இருந்தது. உண்மையில் எட்டாத தூரத்தில் இருந்தது.

1952இல் இன்னும் இரண்டு சட்டங்கள் வந்தன. குடியுரிமைச் சட்டம் தளர்த்தப்பட்டது. ஆனால் இங்கே பிறந்தவர் தாமாகக் குடிமகன் ஆக, பெற்றோரில் ஒருவராவது இங்கே பிறந்திருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் கப்பலேறி வந்தவர்களாக இருந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. அடுத்தது கல்விச் சட்டம். மலாய், ஆங்கிலத் தேசியப் பள்ளிகளே எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும், தமிழ், சீனப் பள்ளிகள் படிப்படியாக அவற்றுள் கரையட்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருந்தது. இந்தியர்களும் சீனர்களும் எதிர்த்தார்கள். அரசிடம் பணமும் போதவில்லை. சட்டம் பெரும்பாலும் ஏட்டளவிலேயே நின்றது. 1956இன் ரசாக் அறிக்கை தாய்மொழித் தொடக்கப்பள்ளிகளுக்கு இடம் கொடுத்தது.

எல்லாரையும் ஒரே திடலில் நிறுத்த விரும்பியவர் டெம்பளர். ஓட்டம் தொடங்கும் கோட்டுக்கு வந்து சேரவே சிலர் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்ததை அவருடைய ஆட்சி போதுமான அளவு கவனிக்கவில்லை.

1954இல் அவர் விடைபெற்றபோது வன்முறைச் சம்பவங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. பிரிட்டிஷ் இராணுவத்தின் தலைமைப் பதவிக்கும், 1956இல் பீல்டு மார்ஷல் நிலைக்கும் உயர்ந்தார். ஓய்வுக்குப் பிறகு லண்டனில் தேசிய இராணுவ அருங்காட்சியகம் அமையப் பாடுபட்டார். 1979 அக்டோபர் 25ஆம் தேதி காலமானார். போர்ட்டிக்சன் பள்ளி 1960களின் தொடக்கத்தில் சுங்கை பீசிக்கு இடம் மாறியது. 1966இல் அரச என்ற அடைமொழியைப் பெற்றது. அங்கே படித்தவர்களில் தளபதிகள், மருத்துவர்கள், அரசு உயரதிகாரிகள் எனப் பலர் உண்டு.

புறப்பாடத்துக்குக் கடேட் படையில் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகள், வெயிலில் அணிவகுக்கும்போது இந்த வரலாற்றையும் நினைத்துக்கொள்ளலாம். உங்கள் வரிசையில் இன்று மூன்று இனமும் நிற்பது தானாக நடந்ததல்ல. உங்கள் தமிழ்ப்பள்ளி இன்றும் இருப்பதும் தானாக நடந்ததல்ல. முதலாவதற்கு வழி போட்டவர்களில் ஒருவர், தஞ்சோங் மாலிமைத் தண்டித்த அந்தத் தளபதி. இரண்டாவதைக் காத்தவர்கள், அவர் காலத்துச் சட்டத்தை எதிர்த்த நம் பெரியவர்கள். இரண்டு தரப்புக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.