வாந்திபேதியின் நஞ்சைக் கண்ட டாக்டர் சம்புநாத் டே

ரத்தோட்டை வழியே ரிவர்ஸ்டன் மலைக்குச் செல்லும் நம் மாணவர், அங்கே பளிங்குபோல் ஓடிவரும் ஓடைநீரைக் கையால் அள்ளிப் பருக விழைவர். தெளிந்த நீரெல்லாம் தூய நீராகுமோ? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, தோட்டங்களை நாடி மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோருள், வாந்திபேதியால் வழியிலேயே மாண்டோர் பலர். அந்நோய்க் கிருமி எவ்வாறு கொல்கின்றது என்பதை உலகுக்கு உணர்த்திய பெருமகனாரே டாக்டர் சம்புநாத் டே.

வங்காளத்து ஹூக்ளி மாவட்டத்திலுள்ள கரிபாட்டி என்னும் சிற்றூரில் 1915ஆம் ஆண்டு தோன்றிய அன்னார், கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பயின்று வைத்தியரானார். பின்னர் இலண்டன் சென்று 1949இல் கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாயகம் மீண்டார்.

ஜேர்மானிய அறிஞர் ரொபேட் கொக் 1884இல் கல்கத்தாவிலே வாந்திபேதிக் கிருமியை நோயாளரிடத்தும் குளத்து நீரிலும் கண்டார். அது நஞ்சொன்றை விடுகின்றதென அவர் கருதினார். ஆயினும் அதனை மெய்ப்பித்தார் இலர். டே அவர்கள், முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டினார். கிருமி வளர்ந்த திரவத்தை வடித்து, கிருமியை முற்றாக நீக்கி, எஞ்சியதை அப்பகுதியுட் செலுத்தினார். கிருமி ஒன்றுமின்றியே குடலில் நீர் கோத்தது. கிருமி விடும் நஞ்சே உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து ஆளைக் கொல்கின்றதென்பது 1959இல் இவ்வாறு நிலைநாட்டப்பட்டது.

அந்நஞ்சை ஆக்கும் பரம்பரையலகுகள் பிற்காலத்தில் இனங்காணப்பட்டன. இன்று மீன், இறால், காய்கறி, குடிநீர் ஆகியவற்றைச் சோதிப்போர், அவ்வலகின் ஒரு பகுதியைப் பி.சி.ஆர். முறையாற் பன்மடங்கு பெருக்கிக் கண்டறிகின்றனர். இக்கிருமி இனத்தில் நஞ்சு விடாதனவும் உள. ஆதலால், கிருமி உண்டென்று அறிதல் மட்டும் போதாது. நஞ்சின் அலகு உண்டோவெனவும் அறிதல் வேண்டும். அத்தேடலுக்கு வித்திட்டவர் டே அவர்களே.

நோபெல் பரிசுபெற்ற லெடர்பேர்க் என்னும் அறிஞர், அப்பரிசுக்கு இவர் பெயரை முன்மொழிந்தார். எனினும், பெருவிருது எதனையும் பெறாமலே 1985இல் அன்னார் மறைந்தார். புகழை நோக்காது உண்மையை நோக்கிய அப்பெரியாரை நம் மாணவர் நினைவிற் கொள்வாராக. ரிவர்ஸ்டன் ஓடைநீரையும் கொதிக்க வைத்தே பருகுவாராக.