பதவியை விட்டு இறங்கிய பெருந்தலைவர்

காமராசர் விருதுநகர்க்காரர் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. ஆனால் அவர் முதன்முதலில் முதலமைச்சராக இருந்து வாக்குக் கேட்டு வந்த ஊர், நம் ஆம்பூருக்கு அருகிலுள்ள குடியாத்தம் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

1903 ஜூலை 15-இல் குமாரசாமி, சிவகாமி அம்மையார் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார் காமராசர். இளமையிலேயே தந்தையை இழந்ததால் படிப்பு பாதியில் நின்றது. விடுதலைப் போரில் பல ஆண்டுகள் சிறையில் கழித்தார்.

1954 ஏப்ரல் 13-இல் முதலமைச்சரானபோது அவர் சட்டமன்ற உறுப்பினர் அல்லர். ஆறு மாதங்களுக்குள் உறுப்பினராக வேண்டும் என்பது சட்டம். மேலவை வழியாக எளிதில் நுழைந்திருக்கலாம். இராஜாஜி 1952-இல் அவ்வாறே வந்தார். காமராசரோ மக்களிடமே சென்றார். குடியாத்தம் இடைத்தேர்தலில், எதிர் முகாமிலிருந்த தி.மு.க.வும் ஆதரவு தர, வெற்றி பெற்றார்.

பின்னர் 1957, 1962 தேர்தல்களில் சாத்தூரில் வென்றார். ஊர்தோறும் பள்ளிகள் திறந்தார். 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்.

சட்டமன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு. ஆனால் ஒருவர் எத்தனை முறை முதலமைச்சராகலாம் என்பதற்கு நம் நாட்டில் வரம்பே இல்லை. அமெரிக்க அதிபராக ஒருவர் இரு முறைதான் தேர்ந்தெடுக்கப்படலாம் என்று அந்நாட்டில் 1951-இலேயே சட்டமானது. காமராசருக்கு 1967 வரை காலம் இருந்தது, பெரும்பான்மையும் இருந்தது. எனினும் 1963 அக்டோபர் 2-இல் தாமாகவே விலகினார். மூத்த தலைவர்கள் பதவியைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் நேருஜியிடம் கூறிய திட்டம். அதன்படி லால்பகதூர் சாஸ்திரி உட்பட மத்திய அமைச்சர்கள் அறுவரும், முதலமைச்சர்கள் அறுவரும் விலகினர். சிலரை அகற்றச் செய்த தந்திரம் அது என்பாரும் உளர். அப்படியானால் தம் நாற்காலியையும் ஏன் காலி செய்தார்?

1964-இல் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவரானார். சாஸ்திரியும், அவருக்குப்பின் இந்திரா காந்தி அம்மையாரும் பிரதமரானதில் அவர் பங்கு பெரிது. ஆனால் 1967-இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஓர் இளைஞரிடம் தோற்றார். மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியும் போயிற்று.

டேனரியில் உழைத்து ஓய்வு பெற்ற என் தாத்தா, அந்த மதிய உணவை உண்டு படித்தவர். அவர் விலகியதே தவறு, இருந்திருந்தால் இன்னும் எத்தனையோ பள்ளிகள் வந்திருக்கும் என்று இன்றும் வாதாடுவார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோற்ற பிறகு இறங்குவது யாராலும் முடியும். அவர் இறங்கியது வென்றிருந்தபோது. இதைச் சொன்னால் தாத்தா பேச்சை மாற்றிவிடுவார்.

1975 அக்டோபர் 2-இல், பதவி விலகிய அதே நாளில், பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மறைந்தார். சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் அவர் குடியிருந்தது வாடகை வீடு.